பத்தாவது கேசட்

மசுமி பதினொரு வீடியோ கேம் கேசட்டுகளை மேசை மேல் அடுக்கினாள். மேலே ஆறு, கீழே ஐந்து. அடியில் சூட்டுப் பெட்டி உள்ள கோத்தாட்சு மேசையின் கனத்த போர்வைக்குள் யசுனோரியின் கால்கள் நீண்டிருந்தன. வலது கால் மெல்ல நகர்ந்து சூட்டுப் பெட்டியை ஒட்டிப் போய்விடும். சுட்டாலும் அவருக்குத் தெரியாது. அவள் போர்வையைத் தூக்கி அந்தக் காலை ஒரு சாண் இழுத்து வைத்தாள்.

"இதுல ஒண்ணு. பத்தாவது. எதுன்னு காட்டுங்க."

அவர் பார்த்தார். மேல் வரிசையை இடமிருந்து வலமாக, பிறகு கீழ் வரிசையை. டிராம் ஓட்டிய காலத்தில் கண்ணாடிகளைச் சரிபார்ப்பதுபோல. இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. கீழ் வரிசையில் நான்காவது கேசட்டின் மேல் விரல் நின்றது. நீல நிறம். மேலே ஒட்டிய தாளில் ஒரு மலை. 'வெள்ளைப் பாதை' என்று எழுதியிருந்தது.

"இதுவா?"

"முள்ளங்கி," என்றார் யசுனோரி.

அக்டோபரிலிருந்து அவரிடம் இருந்த சொல் அது ஒன்றுதான். தேநீர் முள்ளங்கி. ஜன்னல் முள்ளங்கி. நாகோயாவில் வேலை பார்க்கும் மகள் மயுகோ ஃபோனில் அழைத்தால் அவளும் முள்ளங்கி. ஆமாம் என்பதும் இல்லை என்பதும் அதுவே. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்து மசுமி புரிந்துகொண்டாள். பாதி நாள் சரியாக, பாதி நாள் தப்பாக. மருத்துவமனையில் அவருக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்ததைச் சொன்ன டாக்டர், பேச்சு திரும்பும் என்றோ திரும்பாது என்றோ சொல்லவில்லை. நெருப்புக்கு அருகில் வைக்காதீர்கள் என்பதுபோல, அவசரப்படுத்தாதீர்கள் என்றார்.

கடந்த செப்டம்பரில் நகர அருங்காட்சியகத்திலிருந்து இசகாவா என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். டிவியில் இணைத்து ஆடும் சிவப்பு வெள்ளை விளையாட்டுப் பெட்டி வெளிவந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. கோடையில் ஒரு காட்சி வைக்கிறோம். பெட்டியின் அடையாளமாகப் பத்து விளையாட்டுகளை நீங்கள் தேர்ந்தெடுத்துத் தரவேண்டும் என்றாள். பதினைந்து வருடமாக இணையத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் யசுனோரி. அதற்கென்று வந்த ஆயிரத்துச் சொச்சம் விளையாட்டுகளையும் ஆடியவர். டிராம் ஓட்டுநர் என்பது ஊருக்குத் தெரியும். இது தெரிந்தவர்கள் ஊருக்கு வெளியேதான் அதிகம்.

"பத்துதான் கஷ்டம்மா," என்று அன்று சொன்னார். "நூறு கேட்டிருந்தா நீ இந்த டீயைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எழுதிக் குடுத்திருப்பேன்."

மூன்று வாரம் யோசித்தார். ஒரு தாளில் ஒன்பது எழுதினார். தாளின் தலையில்: 'சிறந்த பத்து அல்ல. இவை இல்லையென்றால் இந்தப் பெட்டி இந்தப் பெட்டி அல்ல.' அதற்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஓடிக் குதிப்பதற்கு: 'விளக்கம் வேண்டாம்.' பேஸ்பாலுக்கு: 'அண்ணன் தம்பி சண்டைக்கு.' பெரியவர்கள் ஆடும் மாஜோங்கிற்கு: 'அப்பாக்கள் பெட்டி வாங்கச் சம்மதித்தது இதனால்தான்.' மீன் பிடிப்பதற்கு: 'தோற்றால் கோபம் வராத ஒரே விளையாட்டு.' பிறகு பத்து என்று எண் போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அப்படியே விட்டிருந்தார். மறு வாரம் ஒருநாள் காலை டிப்போவில் சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தார்.

அவர் தலைமாட்டில் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது. அதற்குள்தான் இந்தப் பதினொன்றும். பெட்டியின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மசுமி ஃபோனில் சொன்னதும் இசகாவா திரும்பக் கேட்டாள்.

"'வெள்ளைப் பாதை'யா மேடம்?"

"அவர் அதத்தான் காட்டினார்."

"அது... எப்படிச் சொல்றது. ரொம்ப மோசமான விளையாட்டுன்னு பேர் வாங்கினது. சாரே ஒரு தடவை எழுதியிருக்காங்க. 'காசு குடுத்து வாங்கினவர்களுக்கு என் அனுதாபங்கள்'னு." அவள் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அதே கம்பெனிதான் 'ஆழ்கடல் நாய்' பண்ணாங்க. அதுவும் நீலக் கேசட். அது எல்லாருக்கும் பிடிக்கும். அந்தப் பெட்டியில அதுவும் இருக்குன்னு சொன்னீங்கல்ல? ஒருவேளை கை..."

"பக்கத்துலதான் இருந்துச்சு."

"நான் முடிவு பண்ண மாட்டேன் மேடம். பத்தாவது எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். கீழ ஒரு வரியும் வேணும், மத்த ஒன்பதுக்கு இருக்கிற மாதிரி."

செவ்வாய்க்கிழமை பேச்சுப் பயிற்சி. செரா என்ற இளைஞர் வீட்டுக்கு வருவார். காலுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வேறு காலுறை போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வீடு அப்படி. ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்தாக இருக்கும் சீன எழுத்து அட்டைகளை வைத்தால் யசுனோரி சரியாகக் காட்டினார். மலை, ஆறு, மழை, நிறுத்தம். ஒலி எழுத்துகளில்தான் சிக்கல். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே குழந்தைகள் கற்றுக்கொள்ளும் எழுத்துகள். முதலில் வந்தவை முதலில் போயிருந்தன. அதிலும் 'நு'வும் 'மே'யும். இரண்டும் ஒரே அச்சு. 'நு'வுக்கு வாலில் ஒரு சுழி உண்டு, 'மே'க்கு இல்லை. அவ்வளவுதான். செரா 'மே' கேட்டால் அவர் 'நு'வைத் தொட்டார். 'நு' கேட்டாலும் 'நு'வைத் தொட்டார்.

மசுமி கேசட் விஷயத்தைச் சொன்னாள். இடத்தை மாற்றி மாற்றி மூன்று தடவை வைத்துப் பார்த்ததாகவும், மூன்று தடவையும் அதையே காட்டியதாகவும் சொன்னாள். சொல்லும்போது குரலில் ஒரு சின்னப் பெருமை வந்துவிட்டது. செரா அட்டைகளை ரப்பர் வளையத்தில் மாட்டினார்.

"ஒரு தடவை போன இடத்துக்கே கை திரும்பத் திரும்பப் போகும்மா. இந்த நோவுல அது உண்டு. தெரிஞ்சு போகுதா, சும்மா ஒட்டிக்கிச்சான்னு வெளியில இருந்து நம்மால சொல்ல முடியாது."

"அவராலயும் சொல்ல முடியாது."

"ஆமாம்மா."

யசுனோரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்த முகம். கோபம் இல்லை. பயணிகள் தன் முதுகுக்குப் பின்னால் நேரமாவதைப் பற்றிப் பேசும்போது இருந்த அதே முகம்.

புதன்கிழமை உராத்தா வந்தார். யசுனோரியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். கடைத்தெருவில், மீனை அரைத்து வேகவைத்துக் கடற்பாசியில் சுருட்டும் கமபோக்கோ கடை அவருடையது. கையில் நான்கு உருளைகள். தோளில் பனி. வாசலிலேயே கத்தினார்.

"டேய் யசு! உயிரோட இருக்கியாடா?"

"முள்ளங்கி!"

"பாரு, எனக்குப் பேரு வச்சிட்டான். என்னைச் சொன்னா போகுது. அண்ணியை அப்படிக் கூப்பிடாதடா. தடிச்ச காலைத்தான் முள்ளங்கின்னு சொல்றான்னு தெருவே நினைச்சுக்கும்."

"என் காலு முள்ளங்கிதான்," என்றாள் மசுமி. "இத்தனை வருஷமா மரியாதைக்குச் சொல்லாம வச்சிருந்தார்."

யசுனோரி உதட்டின் இடது பக்கத்தால் சிரித்தார். அக்டோபருக்குப் பிறகு அந்தச் சிரிப்பு சத்தமில்லாதது. முன்பு அவர் சிரித்தால் அடுத்த அறையில் இருப்பவர் எழுந்து வருவார்.

சமையலறையில் அவள் கமபோக்கோவை வெட்டிக்கொண்டிருக்க, உராத்தா பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தத் தெரியாத குரல்.

"வெள்ளைப் பாதையையா காட்டினான்? அண்ணி, அது குப்பை. பனியில ஒருத்தன் பையத் தூக்கிட்டு நடப்பான். நடந்துகிட்டே இருப்பான். எவனும் முடிச்சது கிடையாது. விட்ட இடத்தைச் சேமிக்க வழி இல்ல, மறுநாள் தொடர அம்பத்திரண்டு எழுத்து பாஸ்வேர்டு குடுக்கும், ஒரு எழுத்து தப்பினா எல்லாம் போச்சு. நான் என் கேசட்டை ஆத்துல வீசினேன்."

"அப்ப எதுக்கு அந்தப் பெட்டியில வச்சிருந்தார்?"

"நல்லதும் குப்பையும் கலந்துதானே கிடக்கு அதுல. துடைச்சு வைக்க எடுத்திருப்பான். மாசாமாசம் துடைப்பானே." அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். "நான் சொல்றது இதுதான். சுவத்துல அவன் பேரு இருக்கும். தேர்வு: முகாய் யசுனோரின்னு. அவன் எழுத்தைப் படிக்கிற ஆளுங்க ஹொக்கைதோவுலேர்ந்தெல்லாம் வருவாங்க. ஒன்பது படிச்சுட்டு வந்து பத்தாவதப் பாத்து, பாவம், நோவு வந்த ஆளுன்னு சொல்லிட்டுப் போவாங்க. அவனப் பாத்து யாரும் பாவம்னு சொல்லக் கூடாது அண்ணி. நாய வச்சிடு. அதுல யாரும் எதுவும் சொல்ல முடியாது."

மசுமி கத்தியைக் கழுவினாள். உராத்தா சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் நாயை வைத்தால், இந்த வீட்டில் ஒருவர் இனி எதையும் சுட்டிக்காட்டத் தேவையில்லை என்று அவள் தன் கையால் எழுதிக்கொடுத்ததாக ஆகும். எந்தச் சட்டை, எந்தச் சேனல், மீனா கோழியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் காட்டுகிறார். அது வேண்டுமென்று காட்டுகிறாரா, கை போனதா என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. 'வெள்ளைப் பாதை'யை வைத்து, அது வெறும் கைத்தவறாக இருந்துவிட்டால், பதினைந்து வருடம் எழுதி அவர் சேர்த்த பெயரைக் கடைசி வரியில் அவளே கெடுத்ததாகவும் ஆகும்.

வியாழக்கிழமை மதியம் பனி நின்றது. கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து விழும் சத்தம் அவ்வப்போது கேட்டது. மசுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். அவருடைய தாளை எடுத்து வைத்தாள். பென்சிலைச் சீவினாள். ஒன்பது வரிகளையும் மறுபடி படித்தாள். சதுரமான, ஒன்றோடொன்று ஒட்டாத எழுத்து. டிராம் பதிவேட்டில் முப்பது வருடம் எழுதிய எழுத்து.

"நாயையே வச்சிரலாம்," என்றாள். அவரைப் பார்க்காமல் சொன்னாள். "எல்லாருக்கும் பிடிச்சது. நீங்களும் நல்லா எழுதியிருக்கீங்களாம்."

அவர் பென்சிலைப் பார்த்தார். முள்ளங்கி என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் பத்து என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினாள். ஆழ்கடலைச் சீன எழுத்தில். நாயை ஒலி எழுத்தில். கேசட்டிலும் அப்படித்தான் இருந்தது. 'இனு'. இரண்டே எழுத்து, 'இ'யும் 'நு'வும். அவசரமாக எழுதிப் பென்சிலை வைத்தாள்.

சத்தம் கேட்டுத் தலை நிமிர்ந்தாள். யசுனோரி சிரித்துக்கொண்டிருந்தார். உதட்டின் பாதியால் அல்ல. வயிற்றிலிருந்து, தொண்டை கரகரக்க, தோள் குலுங்க. இடது கண்ணில் நீர் வந்துவிட்டது. அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவள் பாதி எழுந்தாள். அவர் இடது கையை நீட்டினார். முழங்கை மடங்காமல், சுட்டுவிரல் நேராக. தேநீரையும் ஜன்னலையும் காட்டும்போது அந்தக் கை பாதியில் தொங்கும். இது வேறு. வண்டியை எடுப்பதற்கு முன் சிக்னலைச் சுட்டி, உரக்கச் சொல்லி, பிறகுதான் ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து அப்படி. வீட்டில்கூட எரிவாயு அடுப்பை அணைத்த பிறகு அவர் அப்படிச் சுட்டுவார். உறுதியான ஒன்றைத் தவிர வேறெதையும் அவர் கை அப்படிச் சுட்டியதில்லை.

விரல் தாளின் மேல் நின்றது. அவள் எழுதிய கடைசி எழுத்தின் மேல்.

"முள்ளங்கி!" சிக்னல் சரி என்று சொல்லும் குரலில்.

மசுமி குனிந்து பார்த்தாள். 'இமே' என்று இருந்தது. நாய்க்கு வாலில் சுழி இல்லை.

அட்டையில் அச்சடித்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் அவள் கையெழுத்தில் இருந்த தப்பைக் கண்டுபிடித்திருந்தார். 'உன் நு-வுக்கு வாலே கிடையாது மசுமி. உன் ஊர்ல நாயெல்லாம் மொட்டை வால்தானா?' எத்தனை கடைச் சீட்டுகளில், எத்தனை குளிர்பதனப் பெட்டித் தாள்களில் சொல்லியிருப்பார். ஆனால் முதலில் எப்போது சொன்னார்? அவள் பென்சிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

படுக்கை அடுக்கும் அலமாரியின் மேல்தட்டில் பெட்டிகள். அவள் நாற்காலி போட்டு ஏறினாள். மூன்றாவது பெட்டியில், கம்பிகளுக்கும் பழைய கையேடுகளுக்கும் அடியில், டிப்போவிலிருந்து கொண்டுவந்த பழைய பதிவேடு ஒன்று. பச்சை அட்டை. நின்றபடியே திறந்தாள். அவள் எழுத்து. சாய்ந்து, சரிந்து, வரியை விட்டு இறங்கிப் போகும் எழுத்து. முன் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருந்தன; மிஞ்சிய பக்கத்தில் பொருளில்லாத எழுத்துகள். நான்கு வரி, வரிக்குப் பதின்மூன்று.

மயுகோ வயிற்றில் இருந்தபோது எழுதியது. கடைசி மூன்று மாதம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடது பக்கமாகவே படுக்க வேண்டும். அந்த ஒற்றை அறை வீட்டில் இடது பக்கம் படுத்தால் சுவர்தான். அவளுக்குப் பின்னால் டிவி. வேலை முடிந்து வந்ததும் அவர் தன் பள்ளிக்காலச் சிவப்பு வெள்ளைப் பெட்டியை இணைப்பார். ஊரில் எல்லோரும் புதிய பெட்டிகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். கடையின் மலிவு விலைக் கூடையில் நூறு யென்னுக்குக் கிடைத்த கேசட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதன் பெயரை அவள் கேட்கவில்லை. அவர்கள் அதை நம்ம தபால்காரர் என்றுதான் சொன்னார்கள்.

அவர் ஆடிக்கொண்டே சொல்வார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

"இன்னிக்கு நாலு கடிதம் குடுத்தாச்சு. பாலத்துல பனி. சுத்திப் போகணும்."

"யாருக்குக் கடிதம்?"

"ஒரு பாட்டுக்கார வாத்தியாருக்கு. வீட்டுல ஆள் இல்ல."

"கதவுல செருகிட்டு வரக் கூடாதா?"

"கையிலதான் குடுக்கணுமாம். சட்டம்."

முடித்ததும் பாஸ்வேர்டு வரும். அவர் வாசிப்பார், அவள் படுத்தபடியே எழுதுவாள். 'து, மே, கி, நு, நு, ரோ.' அதுதான் அவளுக்கு அந்த மூன்று மாதம். ஒரு சுவரும், முதுகுக்குப் பின்னால் எழுத்துகளைச் சொல்லும் ஒரு குரலும். குழந்தை தங்குமா தங்காதா என்று இருவரும் ஒருநாளும் பேசவில்லை. எழுத்துகளைச் சரிபார்த்தார்கள்.

ஜனவரியில் ஒருநாள் பாஸ்வேர்டு ஏற்கவில்லை. முந்தைய பக்கங்களை அவள்தான் வேண்டாத காகிதம் என்று கிழித்து அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்திருந்தாள். நாற்பது கடிதங்கள் போயின. அவள் சுவரைப் பார்த்தபடி அழுதாள். விளையாட்டுக்காக அல்ல. அவர் போர்வையோடு சேர்த்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தபால்தானே மசுமி. நாளைக்குக் குடுத்தா போச்சு."

பதிவேட்டில் மிஞ்சியிருந்த பக்கம் அதுதான். ஐம்பத்திரண்டு எழுத்துகள். அவற்றில் ஏழைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. ஏழும் 'நு'வா 'மே'யா என்று சொல்ல முடியாதவை. எதிர்ப்பக்கத்தில், ஒட்டாத சதுர எழுத்தில், ஒன்று முதல் நூற்றிருபத்தெட்டு வரை ஒரு பட்டியல். ஏழு எழுத்துகளையும் மாற்றி மாற்றி வைக்க எத்தனை வழி உண்டோ அத்தனையும், டிராம் கால அட்டவணைபோல. முயன்று பார்த்ததைக் கோடு போட்டு அடித்திருந்தார். நாற்பத்தொன்று வரை. நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் தேதி: பிப்ரவரி பதினெட்டு. மயுகோ பிறந்தது பத்தொன்பது.

அவர் இதைச் செய்தது அவளுக்குத் தெரியாது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலியிலிருந்து இறங்கிவந்து பதிவேட்டை அவர் முன்னால் வைத்தாள். நீலக் கேசட்டை அதன் மேல் வைத்தாள்.

"தபால்காரரா?"

அவர் கேசட்டைச் சுட்டினார். பக்கத்தைச் சுட்டினார். பிறகு கை மேசையைத் தாண்டி நீண்டு அவளைச் சுட்டியது. மூன்று தடவையும் முழங்கை மடங்கவில்லை.

அவள் நாயை அழித்தாள். ரப்பர் துகள்களை ஊதித் தள்ளினாள். இசகாவாவை அழைத்தாள்.

"'வெள்ளைப் பாதை'தான்மா."

"உறுதியா மேடம்? சார்தான் சொன்னாங்களா?"

"அவர்தான் சொன்னார்." பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கீழ ஒரு வரி கேட்டீங்கல்ல. எழுதிக்கோங்க. 'தனியாக ஆட முடியாது. ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும்.'"

பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது.

"இது... இது அந்தப் பெட்டிக்கே சேர்ந்த வரி மேடம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்படி எழுதின நோட்டு ஏதாவது வீட்டுல இருக்குமா? இருந்தா கண்ணாடிக்குள்ள வைக்கலாம். பத்திரமாத் திருப்பித் தந்துருவோம்."

மசுமி பதிவேட்டைப் பார்த்தாள்.

"இருக்கு. ஆனா இப்பத் தர முடியாதும்மா. அதுல இன்னும் வேலை இருக்கு."

சிவப்பு வெள்ளைப் பெட்டியின் கம்பிகளை இணைக்க அவளுக்கு அரை மணி நேரம் பிடித்தது. கன்ட்ரோலரின் கம்பி இரண்டரை அடிக்கு மேல் வராது. மேசையோடு அவரையும் டிவி பக்கமாக இழுக்க வேண்டியிருந்தது. கேசட்டைப் பொருத்தும் முன் அதன் வாயில் ஊதினாள்.

"முள்ளங்கி!" என்று அதட்டினார். எச்சில் பட்டால் துரு ஏறும் என்று பதினைந்து வருடமாக எழுதியவர்.

"சரி, சரி. தெரியாமப் பண்ணிட்டேன்."

முதல் முறையாக அவள் அந்தத் திரையைப் பார்த்தாள். வெள்ளை. நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் ஆள், தோளில் பை. அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். தொப்பி வேறு வைத்திருந்தான். அதை அவர் சொன்னதே இல்லை.

பிறகு எழுத்துப் பலகை வந்தது. கன்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்று இருவரும் சற்று நேரம் திண்டாடினார்கள். இடது பக்கம் சிலுவை வடிவப் பொத்தான், நகர்த்துவதற்கு. வலது பக்கம் வட்டப் பொத்தான், அழுத்துவதற்கு. கடைசியில் அவள் எழுந்துபோய் அவர் வலப் பக்கத்தில், தோள் ஒட்ட உட்கார்ந்தாள். அவர் இடது கையில் ஒரு முனை. அவள் வலது கையில் மறு முனை. நடுவில் அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது கனமாக, இளஞ்சூடாக இருந்தது.

"நாப்பத்திரண்டாவது," என்றாள். "து."

அவர் கட்டைவிரல் நகர்ந்தது. திரையில் அம்பு எழுத்துகளின் மேல் தயங்கித் தயங்கிப் போனது. தாண்டிப் போனது. திரும்பி வந்தது. 'து'வில் நின்றது. அவள் அழுத்தினாள். டிக்.

"மே."

'நு'வில் நின்றது. அவள் அழுத்தவில்லை. "மே," என்று மறுபடி சொன்னாள், பதிவேட்டை அவர் பார்க்கும்படி சாய்த்தாள். அவள் எழுத்தைப் பார்த்தார். அம்பு கிளம்பியது. இரண்டு வரிசை தாண்டி, ஒரு கட்டம் இறங்கி, நின்றது. டிக்.

ஐம்பத்திரண்டு எழுத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. இடையில் கூரைப்பனி ஒருமுறை சரிந்தது. தெருமுனையில் டிராம் வளைவு திரும்பும் சத்தம் இரண்டு முறை. இரண்டு முறையும் அவர் கட்டைவிரல் நின்று, சத்தம் தேயும் வரை காத்திருந்து, பிறகு நகர்ந்தது.

கடைசி எழுத்து. டிக். திரை கறுத்தது.

இரண்டு சுரம், மேலிருந்து கீழே. எழுத்து தவறு.

மசுமி அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். மடியிலிருந்த கையைப் பார்த்தாள். பக்கத்தில் தொண்டையைச் செருமும் ஒலி. ஏதோ ஒன்று வெளியே வர வழி தேடுவதுபோல நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது. மறுபடி ஒட்டியது.

"நா..." என்றார். "நாளங்கி."

அவள் திரும்பினாள். சொன்னது சரியில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. புருவம் சுருங்கியிருந்தது. அவளுக்கு அது 'நாளைக்கு' என்றே கேட்டது; திருத்தவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து நாற்பத்திரண்டின் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் இன்றைய தேதியை எழுதினாள்.

நிமிர்ந்தபோது திரையில் எழுத்துப் பலகை வந்திருந்தது. அவர் கட்டைவிரல் ஏற்கெனவே 'து'வின் மேல் நின்று, அவள் அழுத்துவதற்காகக் காத்திருந்தது.